பேர் தெரியாத கல்லூரி

"கதவைத் திறடா கண்ணா... ஒரு வாய் டீயாவது குடிடா! அம்மாவை இப்படிக் கொல்லாதடா..."

விடிந்ததிலிருந்து சிட்டம்மாவின் நாத்தனார் தன் மகனின் அறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. பெரிய கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்று நேற்றுச் சாயங்காலம் தெரிந்ததும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டவன்தான் நெட்டையன். வளர்த்தி காரணமாக வீட்டில் அவனுக்கு அந்தப் பெயர்.

சமையலறை வாசலில் சிட்டம்மா ஆறிப்போன டீயோடு நின்றாள். சிட்டு என்ற மகளைப் பெற்றதால் அக்கம்பக்கத்தில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பல் டாக்டர் ஒருவரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை அவளுக்கு. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை நாலு நல்ல வார்த்தை சொல்லி உட்கார வைக்கிற வாய் அது. ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்த வாய்க்கு வேலையே கிடையாது. இரண்டு வருஷமாக இப்படித்தான்.

எல்லாம் சிட்டுவின் படிப்பால் வந்தது.

அந்தக் குடும்பத்தில் படித்தவர்கள் எல்லோருமே பெரிய கல்லூரிதான். நாத்தனார் அங்கே படித்துத்தான் பள்ளிக்கூட டீச்சரானாள். கணவன் இறந்த பிறகு மகனோடு தம்பி வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து வீட்டில் அவள் சொல்தான் கடைசிச் சொல். சிட்டுவுக்கு அங்கே இடம் கிடைத்தபோது தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவளும் அவள்தான். ஆனால் மறுவாரமே சிட்டு வேறெங்கோ சேர்ந்துவிட்டாள். ஓட்டுத் தொழிற்சாலையைத் தாண்டி, யாரும் பேர்கூடக் கேள்விப்படாத ஒரு சின்னக் கல்லூரி. செயற்கைக் கை, கால் செய்கிற படிப்பு!

"நான்தான் சேர்த்தேன். முடிவு என்னோடதுதான்" என்று சிட்டம்மா சொன்னாள். ஏன் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றிலிருந்து நாத்தனார் அவள் முகம் பார்த்துப் பேசியதில்லை. எதுவானாலும் சுவரிடம் சொல்வதுபோலச் சொல்வாள். சிட்டம்மாவின் கணவருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. பாதி வழியில் நின்றுபோன லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற அந்த மனுஷன், வீட்டில் நின்றுபோன பேச்சை மட்டும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சிட்டுவோ கல்லூரி விடுதியிலேயே தங்கிவிட்டாள். விடுமுறையில் வந்தாலும் அத்தை முன்னால் பாதி வார்த்தையை விழுங்கிவிட்டு நழுவிவிடுவாள்.

சிட்டம்மா டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அண்ணி... இன்னைக்கு சிட்டு காலேஜ்ல புதுசா சேரப் போற பிள்ளைங்களுக்குச் சுத்திக் காட்டறாங்களாம். நெட்டையனையும் கூட்டிட்டு ஒரு நடை போய்..."

நாத்தனார் விருட்டென்று திரும்பினாள். சுவரை மறந்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர்!

"என்ன சொன்ன? எங்க தம்பி பொண்ணைக் குழியில தள்ளினது பத்தலையா உனக்கு? இப்ப என் பிள்ளையும் வேணுமா? கையில வந்த இடத்தை உதறித் தள்ளினியே... பெத்தவ பண்ற வேலையா அது? பொண்ணு உன்னைவிட ஒசந்துடுவான்னு பொறாமை!"

சிட்டம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"என்னை என்ன வேணா சொல்லுங்க அண்ணி... வாங்கிக்கறேன். ஆனா உள்ள பிள்ளை பட்டினி கிடக்கான். ஒரே ஒரு தடவை வந்து பாருங்க. பிடிக்கலைன்னா இந்தப் பேச்சையே நான் எடுக்க மாட்டேன்."

மூலையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்தார்.

"வண்டிய எடுக்கறேன். எல்லாரும் கிளம்புங்க."

"டேய்! நீயுமாடா?"

"எம் பொண்ணு எங்க படிக்கறான்னு இத்தனை நாள் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கல அக்கா. கேக்கறவங்ககிட்ட சொல்ல எனக்கே வெக்கமா இருக்கு... இன்னைக்குப் போறேன்."

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. வீங்கிய கண்களோடு நெட்டையன் வாசலில் நின்றான்.

"நானும் வரேன் மாமா. இங்கயே கிடந்தா பைத்தியம் பிடிச்சுடும்."

கல்லூரி வாசலில் இறங்கியதும் நாத்தனார் மூக்கைச் சுளித்தாள். "இதுவா? சைக்கிள் ஸ்டாண்டுன்னுல்ல நெனச்சேன்!" தாழ்ந்த கட்டடங்கள், நடுவில் ஒரு முற்றம். ஆனால் பட்டறைக் கதவுகள் அத்தனையும் திறந்து கிடந்தன. பிளாஸ்டர் மாவும் ரப்பரும் கலந்த வாடை. உள்ளே மேஜைக்கு மேஜை பிள்ளைகள் எதையோ அறுத்துக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் இருந்தார்கள்.

பெற்றோர்களையும் பிள்ளைகளையும் ஒரு வகுப்பறையில் உட்கார வைத்தார்கள். மேசைமேல் ஒரு செயற்கைக் கால். அதன் பக்கத்தில், மேலங்கியெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் பிளாஸ்டர் ஒட்டியிருக்க... சிட்டு!

சிட்டம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு நாலு பேர் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற பெண்ணாயிற்றே...

"எல்லாருக்கும் வணக்கம்" என்று சிட்டு ஆரம்பித்தாள். குரல் லேசாக நடுங்கியது. பிறகு நிதானப்பட்டது. "எங்க காலேஜ் பேரைச் சொன்னா, 'அது எங்க இருக்கு?'ன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. ஆனா இங்க எங்க பேரு தெரியாத வாத்தியார் ஒருத்தர்கூடக் கிடையாது. நான் ஒரு வாரம் வாயத் திறக்கலைன்னா, மேடம் என் மேஜைக்கே வந்து உட்கார்ந்துடுவாங்க. முதல் வருஷமே மெஷினைத் தொட விட்டாங்க. இந்தக் கால் நான் செஞ்சது. ஒருத்தர் இதே மாதிரி ஒண்ணைப் போட்டுக்கிட்டுத் தன் கடைக்கு நடந்து போறாரு!"

கூட்டத்தில் சலசலப்பு.

"இதுல குறையும் இருக்கு. பெரிய மைதானம் கிடையாது. லைப்ரரி சின்னது. அதனால இங்கதான் வந்து சேரணும்னு நான் சொல்ல வரல. படகு இஞ்சினுக்குன்னு ஒரு காலேஜ் இருக்கு, காது கேக்கற கருவிக்குன்னு ஒண்ணு இருக்கு. பேரு தெரியலைங்கறதுக்காகத் தள்ளிடாதீங்க. ஒரு சாதாரண நாள்ல சொல்லாம கொள்ளாம போங்க. கேன்டீன்ல உட்காருங்க. பிள்ளைங்ககிட்ட பேச்சுக் குடுங்க. மெஷினெல்லாம் உறை போட்டு வெச்சிருக்கா, இல்ல எண்ணெய்க் கறையோட இருக்கான்னு பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க."

நாத்தனாரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. எழுந்தே விட்டாள்.

"நல்லாத்தான் பேசறே... ஆனா உண்மையச் சொல்லு. நீயா ஆசைப்பட்டா வந்த? உங்கம்மா கொண்டுவந்து தள்ளினதாலதானே வந்த?"

சிட்டம்மா மகளைப் பார்த்து, சொல்லாதே என்பதுபோலத் தலையசைத்தாள். சிட்டு அம்மாவைப் பார்த்தாள். கண்கள் தளும்பின.

"இல்ல அத்தை! அம்மா தள்ளல... நான்தான் கேட்டேன். பெரிய காலேஜைப் பார்க்கப் போனோமே... அது நல்ல காலேஜ்தான். ஆனா அந்தப் பெரிய ஹால்ல, தலை தலையா கூட்டத்துல உட்கார்ந்தப்ப எனக்கு மூச்சு முட்டிச்சு. வெளிய ஓடி வந்து படிக்கட்டுல உட்கார்ந்து அழுதேன். 'எனக்கு அந்தச் சின்னக் காலேஜ் போதும்மா... ஆனா அத்தை மூஞ்சில எப்படி முழிப்பேன்'னு கேட்டேன். அம்மாதான், 'நீ யார்கிட்டயும் எதுவும் சொல்லாத. நான் சொன்னதா இருக்கட்டும். திட்டறதெல்லாம் என்னைத் திட்டிட்டுப் போகட்டும். நீ நிம்மதியாப் படி'ன்னு சொன்னா... நானும் கோழை மாதிரி சும்மா இருந்துட்டேன் அத்தை!"

முன்வரிசையில் இருந்த துறைத் தலைவி எழுந்து, மற்றப் பெற்றோர்களையும் பிள்ளைகளையும், கூடவே நெட்டையனையும் பட்டறைப் பக்கம் அழைத்துக்கொண்டு போனார். போகிற போக்கில் சிட்டுவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நாத்தனார் சிட்டம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அடிப்பாவி... நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி எத்தனை பேசியிருக்கேன் உன்னை! ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா உங்க கோபம் அவ மேல திரும்பியிருக்கும் அண்ணி" என்றாள் சிட்டம்மா மெதுவாக. "ஏற்கெனவே பேச்சு வராம தவிக்கற பொண்ணு... இன்னும் ஒடுங்கிப் போயிருப்பா. நான்னா தாங்கிப்பேன்."

"நானெல்லாம் ஒரு டீச்சர்! கடைசி பெஞ்சுல வாய் திறக்காத பிள்ளைங்களைத் தேடித் தேடிப் பிடிச்சு முன்னாடி உட்கார வெச்சவ... என் வீட்டுப் பிள்ளை தவிச்சது என் கண்ணுக்குத் தெரியலையே!"

அழுகை பீறிட்டது. சிட்டம்மாவை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "என்னை மன்னிச்சுடுடி..." சிட்டம்மாவும் தேம்பினாள். சிட்டு ஓடி வந்து இருவர் மேலும் சாய்ந்தாள். பிளாஸ்டர் மாவு மூன்று பேர் புடவை, துணியெல்லாம் அப்பிக்கொண்டது.

கணவர் தொண்டையைச் செருமினார். "நானும் கேட்டிருக்கணும்... கேக்காம இருந்ததுதான் பெரிய தப்பு" என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். பிறகு செயற்கைக் காலை எடுத்து முழங்காலை மடக்கிப் பார்த்தார். "ஏம்மா சிட்டு... இது என்ன, லிஃப்ட் பிரேக் மாதிரியே பிடிக்குது!"

அழுதுகொண்டே எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

நெட்டையனைத் தேடிப் போனபோது அவன் பட்டறையில் இருந்தான். துறைத் தலைவி கையில் கொடுத்த ஒரு செயற்கை முழங்கால் மூட்டைக் கழற்றிப் போட்டு, அது ஏன் கிறீச்சென்கிறது என்று அவரோடு வாதம் பண்ணிக்கொண்டிருந்தான். அம்மாவைக் கண்டதும் எழுந்தான்.

"இங்கயே சேரணுமான்னு இன்னும் தெரியலம்மா. படகு இஞ்சின் காலேஜையும் போய்ப் பார்க்கலாமா? இன்னும் ஒண்ணு ரெண்டு பார்த்துட்டுச் சொல்றேனே... அப்புறம்மா, ரொம்பப் பசிக்குது."

"வாடா என் ராஜா!" என்று நாத்தனார் அவனை கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

சாயங்காலம் திரும்பும்போது முன் சீட்டில் நெட்டையன் மாமாவிடம் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். பின் சீட்டில் சிட்டம்மா ஜன்னலோரமாகக் கண்ணை மூடினாள். சற்று நேரத்தில் அவள் தலை துவண்டு நாத்தனாரின் தோளில் சாய்ந்தது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"டேய், மெதுவா ஓட்டுடா" என்று நாத்தனார் தம்பியைக் குரல் தாழ்த்தி அதட்டினாள். "அவ தூங்கறா."