வெற்றறையின் மூச்சு

அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்ததே பின்கட்டு அறைக்காகத்தான். தடித்த சுவர், ஒற்றை ஜன்னல், தெரு இரைச்சல் எட்டாத மூலை. ஸ்டுடியோ வைக்க இதைவிடத் தோதான இடம் வாய்க்காது என்று இசையமைப்பாளன் பூரித்துப்போனான். அங்கிருந்த ஈரச் சுண்ணாம்பு வாடைதான் எதற்கும் மசியவில்லை.

குடிவந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. மறுநாள் அவன் மனைவிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல் திரும்புமென்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. கைக்குழந்தைக்காக அவள் கட்டிய தாலாட்டை அதற்குள் பதிந்தாக வேண்டும். மாதக்கணக்காக இதே பேச்சுதான். ஆனால் முதலில் மைக் சரியில்லை, பிறகு வயர் சரியில்லை, அப்புறம் ஸ்பீக்கர். ஆடத் தெரிந்தவனுக்கும் கூடம் கோணலாகவே இருந்தது. புதிதாக எது வந்தாலும் சோதித்துப் பார்க்க அவளை அந்த அறையில் பாடவைப்பான், பதியத்தான் மாட்டான்.

பிற்பகலில் புது மைக் வந்து சேர்ந்தது.

"ஏங்க, இந்த மைக்காவது போதுமா? இல்ல, நான் ஊமையானப்புறம் இன்னொண்ணு வாங்கணுமா?" தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி அறை வாசலில் நின்று கேட்டாள்.

"இன்னிக்கு முடிச்சிடலாம்மா. ரூமோட அமைதியை மட்டும் ஒரு தடவை பதிஞ்சுக்கறேன்."

அது அவன் வழக்கம். பாடுவதற்கு முன் வெற்றறையைப் பதிந்துகொண்டால், பிற்பாடு இரைச்சலை நீக்க உதவும். முதல் மைக்கில் அந்த அமைதி 'உஸ்' என்று இரைந்தது. அடுத்ததில் இரைச்சல் விட்டுவிட்டு வந்தது. கோளாறென்று அதையும் மாற்றியிருந்தான்.

ஹெட்ஃபோனை மாட்டினான்.

இரைச்சலே இல்லை. யாரோ மூச்சு விட்டார்கள்.

மைக்குக்கு மிக அருகில்.

சுண்ணாம்பு வாடை மூக்கை அடைத்தது. மூச்சு மெல்லத் தாலாட்டின் மெட்டை முணுமுணுத்தது. ஓரிடத்தில் சுருதி பிசகியது, தானே திருத்திக்கொண்டது.

ஹெட்ஃபோனை மேசையில் வீசினான்.

"இங்க வேணாம்மா. ஹாலுக்கு வா. போன்லயே பதிஞ்சுக்கலாம்."

"இதைத்தானே அன்னிக்கே சொன்னேன்?" அவள் சிரித்தாள். ஹாலில் அவன் போனை நீட்ட, வாய் திறந்து பாடினாள்.

சத்தம் வரவில்லை.

உதடுகள் அசைந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. கண்களில் பீதி ஏறியது.

பின்கட்டிலிருந்து தாலாட்டு கேட்டது. அவள் குரல். அவள் குரலேதான். குழந்தை கண்விழித்து, அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தது.

ஓடிப்போய் எல்லா வயர்களையும் பிடுங்கினான். விளக்குகள் அணைந்தன. பாட்டு நின்றது.

எதனோடும் இணையாமல் மேசையில் கிடந்த ஹெட்ஃபோனில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"ஏங்க," என்றது மனைவியின் குரல், "இந்த மைக்கே போதும்."