மேட்டு மண்

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. செனாய்ப் பட்டணத்தில் மாலை மழை புதிதல்ல. ஆனால் ரூபேந்திரன் மேசைமேல் நிறைத்து வைத்த தண்ணீர்க் குவளை, அவன் தொடாமலே காலியாகியிருந்தது. அடியில் ஒரு சிட்டிகை மணல்.

பல்லி குடித்திருக்கும் என்று தன்னையே கேலி செய்துகொண்டான். மண்ணாய்வாளன் பேசுகிற பேச்சா இது? அடுக்களைக் குழாயைத் திறந்தான். அது ஒருமுறை இருமி நின்றது. சற்றுமுன் பிழிந்து கொடியில் போட்ட துண்டு, கருவாடு போல விறைத்துத் தொங்கியது. கூரைமேல் மழை இரைகிற சத்தத்துக்கு நடுவே, வீட்டுக்குள் எங்கோ மணல் சரிகிற சத்தம் மெல்லக் கேட்டுக்கொண்டே இருந்தது. காய்ந்த புழுதி வாடை மூக்கை அரித்தது. அந்த வாடையை அவனுக்குத் தெரியும். பாலோ தோட்டத்து மேடு.

அங்கே தோட்ட நிர்வாகம் பாதிக் காட்டை வழித்ததும் மேல்மண் மழையோடு போய், வெறும் மணல் மிஞ்சியது. மீதிக் காட்டையும் வெட்டலாமா என்று மண்ணைச் சோதித்துச் சொல்வது அவன் வேலை. மேடு முழுக்க ஏறி, இடத்துக்கு இடம் துளைக்கோலால் மண்ணெடுத்துக் கலக்க வேண்டும். ஆனால் ரூபேந்திரன் துரைக்கு வெயில் ஆகாதாம். கீழே இடுகாட்டில் ஈரக் கறுப்பாய் இருந்த ஒரே சமாதியில் மண்ணள்ளிப் பையை நிரப்பிக்கொண்டான். தோட்டத்துக் கூலிக்காரி பேச்சியம்மாள் தினமும் நீரூற்றிச் செடி வளர்த்த, அவள் கணவனின் சமாதி.

அவள் பார்த்துவிட்டாள். அழவில்லை, ஏசவில்லை.

"எல்லா எடத்துலயும் எடுக்கணும் லா சார். அப்பதான உண்ம தெரியும்."

உண்மை தெரிந்திருந்தால், மண்ணைப் பிடித்து வைக்கும் மூடுபயிர் போட்டு மேட்டைக் காப்பாற்றியிருக்கலாம். அவனோ சமாதி மண்ணை வைத்தே, மேடு முழுக்க நல்ல மண் என்று எழுதிக் கொடுத்தான். காடு போனது, கிணறு வற்றியது. அடியில் கசிந்த நீரை அள்ள இறங்கிய பேச்சியம்மாள்மேல் மணல் சரிந்தது. உடலை எடுக்கவே முடியவில்லை. அவன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

விளக்கு மங்கியது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. பயத்தில் வாசலுக்கு ஓடினான். கால் புதைந்தது. கணுக்கால். முழங்கால். தரை எங்கே?

மூலையில் சாத்தியிருந்த துளைக்கோலைக் காணவில்லை.

பின்னால் இரும்பு உரசியது. காய்ந்த விரல்கள் அவனை மல்லாத்தின. கண்குழிகளில் மணல் நிறைந்த முகம் குனிந்தது. கத்த வாய் திறந்தான். மணல்தான் வந்தது.

துளைக்கோலின் முனை நெஞ்சில் பட்டது. பிறகு வயிற்றில். பிறகு தொடையில். நிதானமாக, இடம் பார்த்து.

"இந்தத் தடவ எல்லா எடத்துலயும் எடுத்துருவோம் சார்."

துளைக்கோல் திருகத் தொடங்கியது.