பதினோரு மாத ஒப்பந்தம்

காலையிலிருந்து மூன்று பேர் வந்து, என் வீட்டு வாசல் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதில் பதித்திருக்கும் கண்ணாடித் தகட்டுக்கு ஆயுள்காட்டி என்று பெயர். கை வைத்தால் என் கைபேசியில் பச்சை எரியும்; வந்தவர் உள்ளே போய் அறைகளைப் பார்ப்பார். சூலூரில் சொந்தமாக ஒரு வீடு வாங்கி, முதன்முதலாக வாடகைக்கு விடுகிறேன். இப்படித்தான் ஆள் பார்க்க வேண்டும் என்று புரோக்கர் ரித்தீஷ் சொல்லிக்கொடுத்திருந்தான்.

நான்காவதாக வந்தவள் நிலானி, பள்ளியில் பாட்டு டீச்சர். கை வைத்தாள், சமையலறையைப் பார்க்கப் போனாள். என் கைபேசியில் சிவப்பு எரிந்தது. ‘சிகிச்சை பெறாவிட்டால், ஒப்பந்தக் காலத்துக்குள் மரணம்.’

பதினோரு மாத ஒப்பந்தம். அவளுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது.

ரித்தீஷ் எட்டிப் பார்த்தான். “இல்லைன்னு சொல்லி அனுப்பிருங்க வர்ஷினிக்கா. வீட்ல சாவு விழுந்தா அப்புறம் எவன் குடி வருவான்?”

“அவகிட்ட சொல்ல வேண்டாமா?”

“சொன்னா கவர்மெண்டுக்காரங்க வீட்டையே புடுங்கிக்குவாங்க. சம்பந்தப்பட்டவங்க மனசு உடைஞ்சிருமாம், அதனால ஓனருக்கு மட்டுந்தான் காட்டும். அந்தத் தகடு நாம பேசறதையும் கேட்டுட்டே இருக்குது, பாத்துப் பேசுங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாகப்போகிறவளுக்குத் தெரியக்கூடாதாம், நாலு சுவர் வைத்திருக்கிறவளுக்குத் தெரியலாமாம்! எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ இது. வைத்தியம் பார்த்தால் பிழைப்பாள் என்று அந்த மிஷினே சொல்கிறது, அதையும் விழுங்கிக்கொள்ள வேண்டுமாம்.

நிலானி திரும்பி வந்தாள். “வீடு புடிச்சிருக்குங்க்கா. ஆனா நீங்களும் இல்லைன்னுதான் சொல்லுவீங்க. பார்த்த வீட்ல எல்லாம் அப்படித்தான். ஏன்னு கேட்டா தலையைக் குனிஞ்சுக்கறாங்க.”

தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்ட அத்தனை பேரையும் செவிட்டில் அறைய வேண்டும் போலிருந்தது. அந்த ஆத்திரத்தில்தான் சாவியை எடுத்து அவள் கையில் திணித்தேன். “வீடு உனக்குத்தான். எப்ப வேணும்னாலும் வா.”

ரித்தீஷ் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டான். நிலானி அழுதேவிட்டாள்.

“அப்ப எனக்கு ஒண்ணும் இல்லைங்க்கா! எல்லாரும் இல்லைன்னதும் பயந்துபோய், நாளைக்கு ஆஸ்பத்திரியில முழுப் பரிசோதனைக்குப் பேர் குடுத்திருந்தேன். பச்சை எரியாம நீங்க சாவி குடுப்பீங்களா? இப்பவே அதை வேண்டாம்னு சொல்லிடறேன்.” கைபேசியை எடுத்தாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. பாய்ந்து அவள் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினேன்.

“வீடு கிடையாது.”

“இப்பத்தானேக்கா குடுத்தீங்க?”

“குடுத்தேன், இப்ப இல்லைங்கறேன். என் வீடு, என் இஷ்டம்!” என்று கத்தினேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் தலையைக் குனியவில்லை. கண்ணில் முட்டிய நீரைத் துடைக்கவும் இல்லை. அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. கைபேசியைத் திரும்பப் பைக்குள் போட்டாள்.

“நாளைக்கு எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரி?”

“ஒன்பதுக்குங்க்கா.”

“நானும் கூட வர்றேன். அதை முடிச்சுட்டு வந்து சாவியை வாங்கிக்க. அதுவரைக்கும் வேற எவனுக்கும் இந்த வீடு கிடையாது.”

வாசலில் தகடு ஒருமுறை கீச்சிட்டது. கேட்டால் கேட்கட்டும் என்று அதையே இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.