கண்ணுறங்கு சிரப், இரண்டு மடக்கு

"வீல்" என்று மாடியில் ஓர் அலறல்.

பல் டாக்டர் படிகளில் தாவி ஏறினார். பழைய மருந்து பாட்டில்களை அவர் சேர்த்து வைத்திருக்கும் அறை. வாசலில் நின்ற மனைவி உள்ளே கை காட்டினாள்.

உள்ளே தரையில் அவளுடைய தம்பி... மல்லாந்து கிடந்தான்.

கையில் ஒரு நீல பாட்டில். மூடி திறந்து, பாதி காலியாக.

டாக்டர் நாடி பிடித்தார். "உயிர் இருக்கு. ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்ய, ஆம்புலன்ஸுக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

"என்ன மருந்து சார் இது?"

"கண்ணுறங்கு சிரப். நூறு வருஷத்துக்கு முந்தினது. அழற குழந்தைக்கு ஒரு சொட்டு கொடுத்தா அழுகை நின்னுடும்னு விளம்பரம்."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு. சில வீட்டுல மூச்சும் சேர்ந்து நின்னுச்சு. உள்ளே அபின்."

"அதைப் போய் அலமாரியில அடுக்கி வச்சிருக்கீங்க..."

"யாரும் மறந்துடக் கூடாதுன்னுதான். ஒவ்வொரு பாட்டிலுக்குக் கீழேயும் அட்டையில எழுதியும் வச்சிருக்கேன்."

"நேத்து உங்களுக்கும் மச்சானுக்கும் சண்டையாமே?"

"ஓயாம இருமினான். அந்த சிரப்பைக் குடிச்சுத் தொலைடான்னு... ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். "மீதிப் பேச்சை ஸ்டேஷன்ல வச்சுக்கலாம்."

"அவரை விடுங்க." மனைவி குறுக்கே வந்தாள். "அதுல அபினே இல்லை."

"என்னடி சொல்றே?"

"நம்ம பொண்ணு பிறந்த வாரமே எல்லா பாட்டிலையும் கொட்டிட்டேன். அத்தனை பிள்ளைங்களைக் கொன்ன எமனை மாடியில வச்சுக்கிட்டு, கீழே எப்படிங்க தாலாட்டு பாடுறது? நீங்க கண்டுபிடிக்காம இருக்க சர்க்கரையைக் கருக்கி ஊத்தி வச்சேன்."

தரையில் கிடந்தவன் ஒரு கண்ணைத் திறந்தான். "அதான் தித்திச்சுதாக்கா?"

"பின்னே ஏண்டா மயங்கி விழுந்தே?"

"இருமலுக்கு ரெண்டு மடக்கு குடிச்சேன். அப்புறம்தான் மாமா எழுதின அட்டையைப் படிச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் வெளிறிப் போனார்.

"போச்சு... இதுல ஒண்ணை அசல்னு போன மாசம் வித்துட்டேனே."

"யாருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"உங்க கமிஷனருக்கு."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"தூக்கம் வரலைன்னு தினமும் ரெண்டு ஸ்பூன் குடிக்கிறார் சார். குழந்தை மாதிரி தூங்குறாராம்."

"அப்ப நல்லதுதானே?" என்றார் டாக்டர்.

"தூக்கத்துக்கு நல்லதுதான். மனுஷனுக்கு சர்க்கரை ஏன் இறங்கவே மாட்டேங்குதுன்னுதான் மூணு டாக்டருங்க தலையைப் பிச்சுக்கிறாங்க."