மாடியில் இரண்டு குடித்தனம்!

"ஐயையோ... கொன்னுட்டானே!"

ஹப்சிகுடாவில், வாங்கி ஆறே மாதமான அந்த வீட்டிலிருந்து அலறல் கிளம்பியது.

கையில் கரண்டியோடு ஓடி வந்தாள் கல்பகம்.

ஹால் சோபாவில் சரிந்து கிடந்தார் அவள் கணவர் தண்டபாணி. கண்கள் செருகியிருந்தன. கையில் ஒரு காகிதம்...!

"ஏனுங்க! யாரு யாரைக் கொன்னாங்க?"

"என்னையத்தான்! வீட்டு வரி மூணு மடங்கு ஏறிடுச்சு! நம்ம மாடியில ரெண்டு குடித்தனம் வாடகைக்கு இருக்குதாம்!"

கல்பகம் அண்ணாந்து பார்த்தாள். மாடியில் இருந்தது ஒரு தகரக் கொட்டகை. அதில் குடியிருந்தவை ஓர் உடைந்த கட்டிலும் சில புறாக்களும். புறாக்கள் இதுவரை வாடகை கொடுத்ததில்லை.

மாதாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைக்க முளைக்க, ஊரெங்கும் வீட்டு விலை எகிறிக்கொண்டிருந்த காலம். குஷாய்குடா ஃபேக்டரியில் உழைத்துச் சேர்த்ததையெல்லாம் கொட்டி வாங்கிய வீடு. இந்த வரியைக் கட்டினால், மிஞ்சுவது காபிப் பொடிக்கே காணாது!

தண்டபாணி பல்லைக் கடித்தார்.

"எவனோ போட்டுக் குடுத்திருக்கான்! வீட்டை வித்த ராஜகோபாலாத்தான் இருக்கும். விலையைக் கசக்கிப் பேசினேனில்ல... வஞ்சம்!"

விசாரணைக்கு வந்தார் பக்கத்து வீட்டு எட்வின். ரயில்வே போலீஸில் ஓய்வு பெற்றவர்; தமிழில் உள்ளூர் உருதுவைக் கலந்தடிப்பவர். பிடித்த திருடர்களைவிடக் குடித்த ஓசி டீ அதிகம்.

"அரே தண்டபாணி, கைக்கு... ஏன் கத்துறே? வெளியாள் யாராவது வந்து விசாரிச்சாங்களா?"

"யாரும் வரல... ஆங்! போன மாசம் ஒரு சஃபாரி சூட்காரர். வீடு சொந்தமா, எத்தனை ரூம், வாடகைக்கு ஆள் உண்டான்னு தெலுங்கில கேட்டார்."

"எந்த ஆபீஸ்னு நீ கேட்டியா?"

"கேட்டா மரியாதையா இருக்காதுன்னு..." குரல் இறங்கியது. "நம்ம பையன் பாலாவுக்குப் பொண்ணு பாக்கறோமில்ல... பொண்ணு வீட்டுக்காரங்க ரகசியமா ஆள் அனுப்பியிருக்காங்கன்னு நினைச்சேன்."

"நினைச்சு?"

"மாடியில ரெண்டு குடித்தனம்... கை நிறைய வாடகைன்னு... சும்மா..."

தண்டபாணி காகிதத்தால் முகத்தை மூடிக்கொண்டார்.

"காபி வேற குடுக்கச் சொன்னாருங்க," என்றாள் கல்பகம். "புது டிகாஷன்ல!"

எட்வின் நிதானமாக எழுந்தார்.

"ஹவ், ஆமா... குற்றவாளி கிடைச்சுட்டான். விலங்கைக் கையில மாட்டக் கூடாது, வாயில மாட்டணும்! அப்பீல் போடு. திரும்பப் பாக்க ஆள் வருவாங்க. அப்போ பெருமை நக்கோ, வேணவே வேணாம். பஞ்சப்பாட்டு பாடு!"

மனு போனது.

அடுத்த வாரம் ஒரு காலை... காலிங் பெல்!

வாசலில் தோல் பையோடு ஒருவர்.

"வணக்கம். வீட்டைக் கொஞ்சம் பாத்துட்டுப் போலாம்னு..."

தமிழ் பேசும் அதிகாரி! பழனி முருகனே அனுப்பிய ஆள்!

தண்டபாணி சுருதி சேர்த்தார்.

"நல்லாப் பாருங்க! மாடியில வெறும் தகரக் கொட்டகைங்க. மழை பேஞ்சா ஹாலுக்குள்ள குடை பிடிக்கோணும். வாடகைன்னு ஒத்தப் பைசா வராதுங்க!"

"பையன் நல்லா சம்பாதிக்கிறார் போல?"

"சாஃப்ட்வேருன்னு பேருங்க. எல்லாம் கார் லோனுக்கே போயிடுது!"

வந்தவர் கொட்டகையைப் பார்த்தார். புறாக்களைப் பார்த்தார். காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

"ஜெயிச்சாச்சு!"

வரி நோட்டீஸைக் கசக்கி மூலையில் எறிந்தார் தண்டபாணி.

மாலை. டெலிபோன் அலறியது.

எடுத்துக் கேட்ட கல்பகத்தின் முகம் மாறியது...!

"ஏனுங்க... காலையில வந்தது வரி ஆபீஸ் ஆள் இல்லீங்க. தார்நாகாவில இருக்கிற ராஜாராமன். நம்ம பாலாவுக்கு ஜாதகம் பொருந்தின தாரிணியோட தாய்மாமன்!"

தண்டபாணி சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"போச்சு! சம்பந்தமே போச்சு!"

"போகலீங்க! அவங்க பாத்த வீடுகள்லயே பெருமை பீத்தாத மனுஷர் நீங்க ஒருத்தர்தானாம். சம்மதம் சொல்லிட்டாங்க."

"அடி சக்கை!"

"ஆனா, பொண்ணு ஒழுகுற வீட்டுல இருக்கக் கூடாதாம். கல்யாணச் சீரா, அவங்க செலவுலயே மாடியில ரெண்டு போர்ஷன் கட்டித் தர்றாங்களாம். ரெண்டையும் வாடகைக்கு விட்டுக்கலாமாம்."

தண்டபாணி மாடியை அண்ணாந்து பார்த்தார்.

கல்பகம் அறை மூலையைக் காட்டினாள்.

"அந்த நோட்டீஸை எடுத்து நல்லா நீவி வைங்க. இனிமே அதுல பொய் ஏதும் இல்லீங்க!"