சட்டை போட்ட உண்மை

உண்மைக்குப் புடவைதான் வரைந்திருந்தான். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், புடவைக்கு மேல் ஓர் ஆம்பளைச் சட்டை இருந்தது. முழுக்கை, கழுத்துப் பட்டன்வரை போட்டது.

மலையடிவாரத்து ஊரான தேவாரத்தில் ஓவிய ஆசிரியரான விஜயகுமார், பள்ளி ஆண்டுவிழாவுக்காகத் தன் வீட்டுச் சுவரில் பழுப்புத் தாளை ஒட்டி, சிவப்பு சாக்பீஸால் நீதி, கருணை, உண்மை என்று மூன்று பெண்களை ஆளுயரத்துக்கு வரைந்துகொண்டிருந்தான். நீதிக்குத் தராசு, கருணைக்குக் குழந்தை, உண்மைக்கு விளக்கு. சட்டையை யார் கேட்டது? ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள்தான் குளிருக்கும் அட்டைக்கடிக்கும் பயந்து புருஷன் சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொள்வார்கள். கை தன்போக்கில் போயிருக்கும் என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தான். மலையிலிருந்து இறங்கிய ஆடிக்காற்று சன்னலைப் போட்டு அடித்துக்கொண்டே இருந்தது; அதோடு பச்சை ஏலக்காய் வாசனையும் வந்தது, வீட்டில் ஏலக்காயே இல்லாதபோது.

வாசலில் சுப்புத்தாய் நின்றாள். அவனுடைய ஜீப்புக்கு டிரைவராக இருந்த பால்பாண்டியின் மனைவி. மலைப்பாதையில் அக்கம்மாள் என்ற தோட்டத்து வேலைக்காரியை ஜீப் ஏற்றிக் கொன்றதாக பால்பாண்டி ஜெயிலில் இருக்கிறான்.

"சார், நாளைக்குக் கோர்ட்ல நீங்க சொல்றதுதான் முடிவுன்னு வக்கீலய்யா சொன்னாக. எங்க வீட்டுக்காரரு அன்னைக்கு வண்டியத் தொடவே இல்ல சார்."

"தெரிஞ்சதச் சொல்றேன்மா. நீ போ."

அவள் போகவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் சுவரையே பார்த்தாள்.

"அக்கம்மாக்காவ எதுக்கு சார் வரஞ்சு வச்சிருக்கீக?"

கதவைச் சாத்தினான். பனிமூட்டத்தில் அன்று வண்டி ஓட்டியது அவன். அடிபட்டு விழுந்த உடனே அக்கம்மாள் சாகவில்லை, தண்ணி கேட்டாள். யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயத்தில், சக்கரத்துக்கு முன்னால் கிடந்த அவளுடைய தூக்குவாளியைப் பள்ளத்தில் எத்திவிட்டு வண்டியைக் கிளப்பினான். போலீசில் டிரைவர் பெயரைச் சொன்னான். அதற்குப் பிறகு தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சுவரைப் பார்த்தான். துடைத்த சட்டை மறுபடி இருந்தது. உண்மையின் கையில் விளக்கைக் காணோம். தூக்குவாளி.

உண்மையைச் சொன்னால் வேலை போகும், ஜெயில். நாளைக்கும் பழையதையே சொல்வது என்று முடிவெடுத்தான். "மன்னிச்சிரு ஆத்தா," என்று முனகிக்கொண்டே ஒரு வாளித் தண்ணீரைத் தாளில் வீசி அடித்தான். துணியால் தேய்த்தான். சிவப்பு வழிந்தது. இன்னும் தேய்த்தான். அவள் இருந்த இடம் வெறும் ஈரத்தாள் ஆனது.

நிம்மதியாக மூச்சு விட்டான்.

நீதி முகத்தைத் திருப்பியிருந்தாள். கருணையும்.

தரையில் சிவப்பு ஈரம். கால்தடங்கள். சுவரிலிருந்து அடுப்படிக்கு.

காற்று நின்றுவிட்டது. தூக்குவாளி மூடி உரசும் சத்தம்.

திரும்பக்கூடாது. திரும்பினான்.

அடுப்படி வாசலில், சதையில்லாமல் வெறும் சிவப்புக் கோடுகளாக, கழுத்துப் பட்டன்வரை போட்ட சட்டையோடு அவள் நின்று, காலித் தூக்குவாளியை அவனிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.