ராமபத்ரன் பல்லில் படிந்த காரை

1978, ஆடி மாதம். மட்டாஞ்சேரியில் விடாத மழை. காலை ஆறரைக்கு மிளகு புரோக்கர் ராமபத்ரன் போட்ட கூச்சல் எதிர்வீட்டு விசாலாக்ஷியின் காதில் விழுந்தது. விழாமல் இருந்தால்தான் அதிசயம். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். அந்த வீட்டுக் குக்கரில் எத்தனை விசில் வந்தது என்பதுகூட அவளுக்குத் தெரியும். குடையை மறந்தாள், ஓட மறக்கவில்லை.

கிழவரின் கீழ்வரிசைப் பல்செட் டம்ளரில்தான் கிடந்தது. முன்பற்களுக்குப் போட்டிருந்த இரண்டு தங்கத் தொப்பிகளைத்தான் காணோம்.

வேலைக்காரி சந்தனமாரியின் முடி, மாப்பிள்ளை அனந்தநாராயணன் கையில் கொத்தாக இருந்தது.

"அஞ்சரைக்கு நான் குளிக்கப் போறச்சே ரெண்டும் மின்னித்து. ஆறு மணிக்கு இவ வந்தா. என் பொண்டாட்டி நேத்தே இடப்பள்ளிக்குப் போயாச்சு. வேற யாராக்கும் எடுப்பா?" என்றான் மாப்பிள்ளை.

"டம்ளரத் தொடவே இல்ல டீச்சரக்கா!"

"போலீஸ்ல சொல்லு. சுள்ளிக்கல்லுல உன் குடிசையே இருக்காது."

"முடியை விடுங்கோ," என்றாள் விசாலாக்ஷி. "ஓடினா நான் பிடிச்சுக்கறேன்."

விட்டான். மறுகையில் மூக்குப்பொடி டப்பியை உருட்டிக்கொண்டே இருந்தான், திறக்கவில்லை.

"அசையாத தொப்பியாச்சே!" கிழவர் பொக்கைவாயால் புலம்பினார். "ஒட்டு எப்பவோ போச்சு, காரைதான் பிடிச்சுண்டிருக்கு, சுரண்டாதேயும்னு பல் டாக்டரே சொன்னாரே!"

அந்தக் காரை ஊரறிந்தது. நாள் முழுக்க வெற்றிலை. எச்சிலில் கரைந்திருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் சுண்ணாம்பின் காரம் பட்டுப் பட்டுப் பல்லுக்குப் பின்னால் கல்லாகப் படிந்திருந்தன. ராத்திரியானால் பல்செட் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறும். வாடைக்கு அவரே கண்டுபிடித்த வைத்தியம். விடிவதற்குள் மேலே பாலாடை போல் வெள்ளை ஏடு கட்டும்.

விசாலாக்ஷி டம்ளரைத் தூக்கிப் பார்த்தாள். மேலே ஏடு இல்லை. அடியில், திரிந்த பால் மாதிரி வெள்ளைத் துகள். பல்லின் பின்புறத்தைத் தடவினாள். வழுவழு.

"வினாகிரி இருக்கா?"

"எங்காத்திலயா? நாங்க என்ன மீன் ஊறுகாயா போடறோம்?" கிழவர் சீறினார்.

"மாடிப்படிக்குக் கீழ ஒரு குப்பி இருக்கு. சின்னய்யாதான் கொண்டாந்தாரு," என்றாள் மாரி.

"வாயை மூடு!" என்றான் மாப்பிள்ளை.

குப்பி வந்தது, திறந்ததும் வினிகர் நெடி. துகளில் கொஞ்சத்தை எடுத்து, அதன்மேல் இரண்டு சொட்டு விட்டாள். சத்தமில்லாமல் கரைந்தது.

"காத்துப் பட்டுக் கட்டற ஏடா இருந்தா நுரைச்சிருக்கும். இது நுரைக்கலை. மாமா, இது உங்க பல்லுக் காரையாக்கும்."

"காரை எப்படிடீ தண்ணிக்கு வந்தது?"

"ராத்திரி சுண்ணாம்புத் தண்ணிக்குப் பதிலா வினாகிரியில ஊறினா கரையும். கரைஞ்சது கண்ணுக்குத் தெரியாது. விடியக்காலம் அதைக் கொட்டிட்டு, வழக்கம்போல சுண்ணாம்புத் தண்ணியை நிரப்பியிருக்கார் ஒருத்தர். டம்ளரை அலம்பலை. அடியில தங்கின புளிப்பு முறிஞ்சது. கரைஞ்ச காரை திரும்பப் படிஞ்சுடுத்து. காரை கரையாத வெறும் வினாகிரியா இருந்தா இப்படிப் படியாது."

"இவளே பண்ணியிருக்கலாமே?" என்றான் அவன்.

"பத்து வருஷக் கல்லு அரைமணியில கரையாது, ராத்திரி முழுக்க ஊறணும். ராத்திரி இவ சுள்ளிக்கல்லுல. இந்த ஆத்துல இருந்தது மாமாவும் நீங்களும். மாப்பிள்ளே, நீங்கதான். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் பொடி போடற மூக்கு இன்னிக்கு ஏன் விரதம்? டப்பியைத் திறங்கோ."

அவன் திறக்கவில்லை. மாமனார் பிடுங்கித் திறந்தார். பொடிக்குள் இரண்டு தொப்பிகளும் புதைந்திருந்தன.

கிழவர் தொப்பிகளைத் துடைத்து மடியில் முடிந்துகொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி சரி, ஆனது ஆச்சு. மாரி, போய் முற்றத்தைக் கூட்டு."

மாரி முடியை அள்ளி முடிந்தாள். துடைப்பத்தைக் கொண்டுவந்து அனந்தநாராயணன் காலடியில் போட்டாள்.

"எம் முடியப் புடிச்ச கை சும்மாதான இருக்கு? அந்தக் கையால கூட்டச் சொல்லுங்க."

மழையில் இறங்கிப் போய்விட்டாள். விசாலாக்ஷியும் நிற்கவில்லை, பஜார் ரோடு முழுவதும் சொல்ல வேண்டியிருந்ததே.